முள் காட்டும் நீரும் தொட்டியில் உள்ள நீரும்

நுழையும்முன்

கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. மனிதர் அதை நம்பி முடிவெடுக்கின்றனர். எண் பிழையானால் முடிவும் பிழையாகும். பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் படிப்படியாகத் தேடிக் கண்டறிவது அறிவியல் முறையின் அடிப்படை. கடலுக்குச் செல்லும் படகின் நன்னீர்த் தொட்டியையும், அதன் நீரளவைக் காட்டும் மானியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையை விளக்குகிறது இப்பாடம்.

வீட்டு மாடியிலிருந்து கடல்வரை

கூடுவாஞ்சேரி போன்ற வளரும் நகரங்களில் வீடுதோறும் மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டிக்குள் மிதவை ஒன்று உண்டு. நீர் குறைந்தால் மிதவை தாழும். நீரேற்றி இயங்கத் தொடங்கும். நீர் நிறைந்தால் மிதவை உயரும், நீரேற்றி நின்றுவிடும். மிதவை சிக்கிக்கொண்டால் தொட்டி வழியும். அல்லது குழாயில் நீர் வாராது. வீட்டார் மாடியேறி மூடியைத் திறந்து பார்ப்பர். நீர் இல்லையெனில் அண்டை வீட்டில் ஒரு குடம் வாங்குவர். தண்ணீர் லாரியை அழைப்பர். இடர்ப்பாடு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அதே பிழை நடுக்கடலில் நேர்ந்தால் நிலைமை வேறு. அங்கே அண்டை வீடு இல்லை, லாரியும் இல்லை. சுற்றிலும் நீர் இருந்தும் அதைக் குடிக்க இயலாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அந்த அளவுக்கு உப்பு மிகுந்த சிறுநீரை உருவாக்க மனிதச் சிறுநீரகத்தால் இயலாது. ஆகவே, கடல்நீரைக் குடித்தவர் அந்த உப்பை வெளியேற்றுவதற்குக் குடித்ததைவிட மிகுதியான நீரை உடலிலிருந்து இழக்க நேரிடும். தாகம் தணிவதற்கு மாறாகப் பெருகும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் தொழில்நுட்பம் இதே கடற்கரையில் உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2013ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஆனால், அவ்வாலைக்கு வேண்டிய பெரிய நீரேற்றிகளையும் மின்னாற்றலையும் மீன்பிடிப் படகில் ஏற்றிச் செல்ல இயலாது. கரையில் நிரப்பிய நன்னீரே படகினருக்கு உயிர்நீர்.

கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் முதலிய ஊர்களின் கரையிலிருந்து செல்லும் பைபர் படகுகள் பெரும்பாலும் விடியுமுன் புறப்பட்டு அன்றே திரும்பிவிடும். அவற்றில் சில கேன்களில் தண்ணீர் இருந்தால் போதும். கேனைத் தூக்கிப் பார்த்தாலே மிச்சம் எவ்வளவு என்பது கைக்குத் தெரிந்துவிடும். அங்கு மானிக்கு வேலையில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் மும்பையிலிருந்து பாய்மரப் படகில் தனியாகப் புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் நில்லாமல் உலகைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து மாதங்களில் திரும்பினார். இத்தகைய நெடும்பயணங்களில் உணவைப் போலவே நீரையும் கணக்கிட்டே செலவிட வேண்டும். நீண்ட நாள் தங்கும் படகுகள் பலவற்றில் நன்னீர்த் தொட்டி மேல்தளத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அமைந்திருக்கும். அதன் நீரளவை ஓட்டுநர் அறையில் உள்ள ஒரு முள் காட்டும்.

ஒரு கணக்கைக் கொள்வோம். படகில் பத்துப் பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். ஆக, ஒரு நாளைக்கு 50 லிட்டர். 1000 லிட்டர் கொள்ளும் தொட்டி இருபது நாளைக்குப் போதும். முள் பாதியைக் காட்டினால் இன்னும் பத்து நாள் கடலில் தங்கலாம் என்று படகினர் முடிவு செய்வர். அந்த முடிவு சரியா என்பது முள் மெய் சொல்கிறதா என்பதைப் பொறுத்தது.

நேரே காண்பதும் குறிப்பால் அறிவதும்

நீரளவை அறியும் முறைகள் இரு வகைப்படும். முதலாவது, நீரையே நேரே காணும் முறை. ஏரி மதகின் அருகே நிறுத்தப்பட்ட அளவுகோல் இதற்குச் சான்று. மதுராந்தகம் ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம் 23.3 அடி என்றும், செம்பரம்பாக்கம் ஏரியின் மட்டம் 24 அடி என்றும் மழைக்காலச் செய்திகளில் கேட்கிறோம். கோலில் நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுவே அளவு. இடையில் வேறு எதுவும் இல்லை.

படகிலும் நேர்முறைகள் உண்டு. தொட்டியின் வாயைத் திறந்து கோடிட்ட குச்சியை அடிவரை இறக்கி, அது நனைந்த உயரத்தைப் பார்க்கலாம். தொட்டியின் பக்கவாட்டில், அடியிலும் மேலும் இணையுமாறு ஒளிபுகும் குழாய் ஒன்றைப் பொருத்தலாம். இணைந்த கலங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், குழாயில் தெரியும் மட்டமே தொட்டியின் மட்டம்.

இரண்டாவது, குறிப்பால் அறியும் முறை. இதில் நீரின் உயரம் வேறொன்றாக மாற்றப்படுகிறது. அது மின்தடையாகவோ அழுத்தமாகவோ எதிரொலி திரும்பும் நேரமாகவோ இருக்கலாம். அந்த மாற்றம் கம்பி வழியே சென்று ஒரு முள்ளை நகர்த்துகிறது. இருந்த இடத்திலிருந்தே அளவைக் காண்பது இதன் வசதி. ஆனால், முள் காட்டுவது நீரை அன்று. கம்பியில் வந்து சேர்ந்த குறிப்பையே காட்டுகிறது. நீருக்கும் முள்ளுக்கும் இடையே பல கண்ணிகள் கொண்ட சங்கிலி ஒன்று உண்டு. அதில் எந்தக் கண்ணி பழுதானாலும் முள் பொய் சொல்லும். பொய் சொல்லும்போதும் மெய் சொல்வது போலவே தோன்றும்.

மிதவை மானி இயங்கும் விதம்

படகுகளில் பரவலாகப் பயன்படுவது மிதவை மானி. அதன் உறுப்புகள் ஐந்து: மிதவை, அதைத் தாங்கும் கை, மாறும் மின்தடை, இணைப்புக் கம்பிகள், முள் கொண்ட மானி. இவற்றை இயக்கப் படகின் 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் மின்கலம் மின்சாரம் தருகிறது.

நீர்மட்டம் உயர்ந்தால் மிதவை உயரும். மிதவையின் கை திரும்பும்போது அதன் முனை மின்தடைச் சுருளின்மீது நகரும். சுற்றிலுள்ள மின்தடை மாறும். அதனால் மின்னோட்டமும் மாறும். மின்னோட்டத்துக்கு ஏற்ப முள் நகரும். தொட்டியில் இருக்கும் பகுதியை ‘உணர்பகுதி’ என்றும், ஓட்டுநர் முன் இருக்கும் பகுதியை ‘காட்டும்பகுதி’ என்றும் கூறலாம்.

மின்தடையின் அளவில் இரு வழக்கங்கள் உலகில் உள்ளன. ஐரோப்பிய வழக்கில் தொட்டி வெறுமையாக இருக்கும்போது ஏறத்தாழ 10 ஓம். நிறைந்திருக்கும்போது 180 ஓம். அமெரிக்க வழக்கில் இது தலைகீழ்: வெறுமைக்கு 240 ஓம், நிறைவுக்கு ஏறத்தாழ 33 ஓம். உணர்பகுதி ஒரு வழக்கிலும் காட்டும்பகுதி மற்றொரு வழக்கிலும் அமைந்துவிட்டால், நீர் குறையக் குறைய முள் ஏறும். பழுதான பகுதியை மாற்றும்போது இந்த எண்களை ஒப்பிடாமல் கடையில் கிடைத்ததை வாங்கிப் பொருத்துவதால் இப்பிழை நேர்கிறது.

தெரிந்து தெளிவோம்

தொட்டியின் அடியில் அழுத்த உணரியை வைத்தும் நீரளவை அறியலாம். நீரின் உயரம் ஒரு மீட்டர் கூடினால் அடியில் அழுத்தம் ஏறத்தாழ 9.8 கிலோபாஸ்கல் கூடும். இதே கோட்பாடு கடலடியிலும் பயன்படுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலடியில் அழுத்தப் பதிவிகளை நிறுவியது. மேலே செல்லும் அலையால் கடல்மட்டம் சிறிது உயர்ந்தாலும் அடியில் அழுத்தம் மாறும். அச்செய்தி மிதவை நிலையத்தின் வழியாகக் கரையை அடைகிறது. ஐதராபாத்தில் உள்ள ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது.

பழுது தேடும் ஒழுங்கு

முள் தவறாகக் காட்டுகிறது என்று ஐயம் எழுந்தவுடன் புதிய மானி வாங்கிவிடுவது பலரின் வழக்கம். பழுது கம்பியில் இருந்தால் புதிய மானியும் பழைய பொய்யையே சொல்லும். ஒவ்வொரு கண்ணியாக ஐயுற்று, ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிச் செல்வதே முறை.

முதற்படி, உண்மையை வேறு வழியில் அறிதல். குச்சியை இறக்கியோ கேனால் அளந்தோ தொட்டியில் உண்மையில் எவ்வளவு நீர் உள்ளது என்று காண வேண்டும். உண்மை தெரியாதவரை மானி பொய் சொல்கிறது என்பதும் ஓர் ஊகமே. சில வேளைகளில் மானி சரியாகவே இருக்கும். கசியும் குழாயால் நீர்தான் குறைந்திருக்கும்.

இரண்டாம் படி, மின்சாரம். முள் சிறிதும் அசையவில்லையெனில் மின்கலம், சாவி, பியூஸ் எனப்படும் மின்னுருகி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மானியின் பின்புறம் மின்னழுத்தம் வருகிறதா என்று மல்டிமீட்டர் கொண்டு அளக்கலாம்.

மூன்றாம் படி, சங்கிலியை இரண்டாகப் பிரித்தல். இதுவே தேடலின் திறவுகோல். தொட்டியின் மேலுள்ள உணர்பகுதியிலிருந்து குறிப்புக் கம்பியைக் கழற்ற வேண்டும். அப்போது சுற்று அறுபடும். முள் ஒரு கோடிக்குச் செல்ல வேண்டும். பின்னர் அக்கம்பியின் முனையைத் தரையிணைப்பில் ஒரு நொடி தொடவைக்க வேண்டும். முள் மறுகோடிக்குச் செல்ல வேண்டும். ஐரோப்பிய வழக்கில் கம்பி கழன்றால் முள் நிறைவையும், தரையைத் தொட்டால் வெறுமையையும் காட்டும். அமெரிக்க வழக்கில் கழன்றால் வெறுமை; தொட்டால் நிறைவு.

முள் இவ்வாறு இரு கோடிகளுக்கும் சென்றால் மானியும் கம்பியும் நலமாக உள்ளன. பழுது உணர்பகுதியிலோ அதன் தரையிணைப்பிலோ உள்ளது. முள் செல்லவில்லையெனில் இதே சோதனையை மானியின் பின்புறத்தில் செய்ய வேண்டும். அங்கே முள் அசைந்தால் பழுது இடைப்பட்ட கம்பியில். அங்கும் அசையவில்லையெனில் பழுது மானியில். இரண்டே சோதனைகளில் பழுதின் இருப்பிடம் தெரிந்துவிடுகிறது. இச்சோதனை நன்னீர்த் தொட்டிக்கு மட்டுமே உரியது. எரிபொருள் தொட்டியின் அருகே சிறு தீப்பொறியும் பேரிடராகும். அங்கே பயிற்சி பெற்றவரே பணியாற்ற வேண்டும்.

நான்காம் படி, உணர்பகுதியை அளத்தல். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைக் கழற்றிய நிலையில் உணர்பகுதியின் மின்தடையை அளக்க வேண்டும். மிதவையைக் கையால் மெல்ல உயர்த்தித் தாழ்த்தினால் எண் சீராக மாற வேண்டும். எண் ஓரிடத்தில் திடீரெனத் தாவினால் சுருள் அவ்விடத்தில் தேய்ந்துள்ளது. எண் மாறவே இல்லையெனில் சுருள் அறுந்துள்ளது.

ஐந்தாம் படி, மிதவையைப் பார்த்தல். மிதவையில் நுண்ணிய வெடிப்பு ஏற்பட்டு உள்ளே நீர் புகுந்தால் அது மூழ்கிவிடும். தொட்டி நிறைந்திருந்தாலும் முள் வெறுமையைக் காட்டும். கையில் உப்புப்படிவோ பாசியோ சேர்ந்தால் மிதவை நின்ற இடத்திலேயே நிற்கும். பாதியைக் காட்டிய முள் நாள்கள் பல சென்றும் பாதியையே காட்டினால், நீர் குறையவில்லை என்று மகிழாமல் மிதவையை ஐயுற வேண்டும்.

களிம்பு சொல்லும் பொய்

கடற்காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. செப்புக் கம்பியின் முனைகளில் பச்சை நிறக் களிம்பு விரைவில் படரும். களிம்பு மின்னோட்டத்தைத் தடுப்பது. அது படிந்த இணைப்பு, சுற்றில் புதிய மின்தடை ஒன்றைச் சேர்த்துவிடும். மின்தடைதான் நீரளவின் குறிப்பு என்பதால், முள் களிம்பையும் நீராகக் கணக்கிடும்.

இதன் விளைவை எண்ணால் காணலாம். 10 முதல் 180 ஓம் வரை சீராக மாறும் மானியில், வெறுமைக்கும் நிறைவுக்கும் உள்ள இடைவெளி 170 ஓம். தொட்டி பாதி இருக்கும்போது 95 ஓம். களிம்பால் 34 ஓம் கூடினால் 129 ஓம் ஆகும். கூடியது 170இல் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே, பாதி நீர் இருக்கும்போது முள் பத்தில் ஏழு பங்கு என்று காட்டும். 1000 லிட்டர் தொட்டியில் இருப்பது 500 லிட்டர். முள் காட்டுவது 700 லிட்டர். இல்லாத அந்த 200 லிட்டர் பத்துப் பேருக்கு நான்கு நாள் தண்ணீர். பழுதுக்குக் காரணம் நகக்கண் அளவு களிம்பு.

அமெரிக்க வழக்கில் இதே களிம்பு எதிர்த்திசையில் பிழை செய்யும். அங்கே மின்தடை கூடினால் முள் தாழும். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். கம்பி முழுவதும் அறுந்தால் வெறுமை என்றே காட்டும். படகினர் அஞ்சி மூடியைத் திறந்து பார்ப்பர். நீர் இருப்பது கண்டு ஆறுதல் அடைவர். ஐரோப்பிய வழக்கிலோ கம்பி அறுந்தால் தொட்டி நிறைந்திருப்பதாகக் காட்டும். எவரும் மூடியைத் திறக்க மாட்டார்.

எனவே, ஒரு கருவியைப் பற்றிக் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. இது சரியாகக் காட்டுகிறதா என்பது ஒன்று. பழுதானால் எந்தப் பக்கம் பொய் சொல்லும் என்பது மற்றொன்று. பொறியாளர்கள் இரண்டாம் வினாவுக்கு உரிய இடம் தருகின்றனர். பழுதான நிலையிலும் ஆபத்தை விளைவிக்காதவாறு கருவியை அமைப்பது பாதுகாப்பு வடிவமைப்பின் நெறி. அவ்வாறு அமையாத கருவியைப் பயன்படுத்துவோர், அது எந்தப் பக்கம் பிழை செய்யும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

களிம்பை நீக்கும் வழி எளியது. இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சிடும்வரை தூய்மை செய்து, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும். அதைக் கரையை விட்டுப் புறப்படுமுன் செய்வதே அறிவுடைமை.

கருவி சரி, பொருள் பிழை

எல்லாக் கண்ணிகளும் நலமாக இருந்தும் முடிவு பிழையாகலாம். மிதவை அளப்பது நீரின் உயரத்தை. படகினருக்கு வேண்டியது நீரின் கொள்ளளவு. நாற்புறமும் நேரான தொட்டியில் பாதி உயரம் என்பது பாதி நீர். படகின் அடிப்பகுதியோ கீழே செல்லச் செல்ல ஒடுங்குவது. அதற்கு ஏற்ப அமைந்த தொட்டியும் அடியில் ஒடுங்கியிருக்கும். அதன் குறுக்குவெட்டு கீழ்நோக்கிய முக்கோணமாக இருந்தால், பாதி உயரத்தில் இருப்பது முழு நீரில் கால் பங்கே. 1000 லிட்டர் தொட்டியில் முள் பாதியைக் காட்டும்போது 250 லிட்டர் மட்டுமே இருக்கும். பத்து நாள் தண்ணீர் என்று எண்ணியது ஐந்து நாளில் தீர்ந்துவிடும். இதில் கருவியின் குற்றம் எதுவும் இல்லை. அதை வாசித்தவரின் பிழையே.

இதற்குத் தீர்வு தொட்டிக்குத் தரக்கோடு இடுதல். வெறுந்தொட்டியில் 20 லிட்டர் கேனால் அளந்து ஊற்றி, ஐந்து கேனுக்கு ஒருமுறை முள் நிற்கும் இடத்தையும் குச்சி நனையும் உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கரையில் அரைநாள் உழைப்பு; பின்னர் அத்தொட்டி உள்ளவரை அந்த அட்டவணை பயன்படும்.

அலையில் படகு ஆடும்போது நீரும் ஒருபுறமிருந்து மறுபுறம் பாயும், முள்ளும் ஆடும். படகு ஒருபுறம் சாய்ந்து ஓடினால், ஓரத்தில் பொருத்திய மிதவை நெடுநேரம் கூட்டியோ குறைத்தோ காட்டும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் அமைப்பதும், மிதவையைத் தொட்டியின் நடுவில் பொருத்துவதும் இதைக் குறைக்கும். படகு நிமிர்ந்து நிற்கும் வேளையில் அளவைப் பார்ப்பது செலவில்லாத வழி.

உலகம் கற்ற இரு பாடங்கள்

அளவுமானியின் பிழை பெரும் நிறுவனங்களையும் விட்டுவைத்ததில்லை. 1983 சூலை 23ஆம் நாள், கனடாவில் 69 பேருடன் பறந்த போயிங் 767 விமானத்தின் எரிபொருள் மானிகள் பழுதாகியிருந்தன. தரையில் இருந்தவர்கள் அளவுகோலை இறக்கி நேர்முறையில் அளந்தனர். அதுவரை செய்தது சரியே. ஆனால், லிட்டரைக் கிலோகிராமாக மாற்றும்போது, பவுண்டுக்கு உரிய எண்ணைக் கொண்டு பெருக்கிவிட்டனர். தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் விமானம் புறப்பட்டது. நடுவானில் பொறிகள் ஓய்ந்தன. விமானி அதைச் சறுக்கு விமானம் போலச் செலுத்தி, கிம்லி என்னும் ஊரின் பழைய ஓடுதளத்தில் இறக்கினார். அனைவரும் உயிர் பிழைத்தனர். மாற்று அளவீடு இருந்தால் மட்டும் போதாது. அதன் அலகும் சரியாக இருக்க வேண்டும் என்பது முதற்பாடம்.

2005 டிசம்பர் 11ஆம் நாள், இலண்டனுக்கு வடக்கே பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கில் ஒரு பெட்ரோல் தொட்டி நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் மானி ஓரிடத்தில் சிக்கி நின்றது; பெட்ரோலோ ஏறிக்கொண்டே இருந்தது. மானி தவறினாலும் காக்க வேண்டிய தனி நிறுத்தமைப்பு ஒன்று தொட்டியின் உச்சியில் இருந்தது. அதுவும் செயல்படும் நிலையில் இல்லை. பெட்ரோல் வழிந்து ஆவியாகி வெடித்தது. 43 பேர் காயமுற்றனர். விடியற்காலை ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் அருகில் ஆட்கள் மிகுதியாக இல்லை, உயிரிழப்பு நேரவில்லை. இரண்டாம் காவலையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த பாடம்.

அளவும் பொறுப்பும்

நீரளவைக் கண்காணிப்பதற்குப் பொறுப்பானவர்களை அமர்த்தும் வழக்கம் இம்மண்ணில் பழைமையானது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரின் ஏரியைப் பேணுவதற்கு ஏரி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. நீர் ஊருக்குப் பொது. அதைப் பேணும் கடமை குறிப்பிட்ட சிலருக்கு உரியது. எல்லாருக்கும் பொதுவான வேலை என்று விட்டுவிட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

படகிலும் அவ்வாறே. நீருக்குப் பொறுப்பாக ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் நாள்தோறும் ஒரே நேரத்தில், படகு நிமிர்ந்து நிற்கும்போது, முள் காட்டும் அளவையும் குச்சி காட்டும் அளவையும் ஏட்டில் எழுத வேண்டும். முந்தைய நாளின் அளவிலிருந்து அன்றாடச் செலவான 50 லிட்டரைக் கழித்து, வரவேண்டிய அளவையும் அருகில் எழுத வேண்டும். மூன்றும் ஒத்திருந்தால் பயணம் தொடரலாம். ஒன்று மாறுபட்டால் காரணம் தேட வேண்டும். குச்சியும் கணக்கும் ஒத்து, முள் மட்டும் மாறினால் மானியில் பழுது. குச்சியும் முள்ளும் ஒத்து, கணக்கு மட்டும் மாறினால் கசிவோ மிகைச்செலவோ உள்ளது. காரணம் தெரியும்வரை மூன்றில் குறைந்த எண்ணையே உண்மையெனக் கொள்ள வேண்டும்.

இவற்றோடு, தொட்டியுடன் தொடர்பில்லாத சில கேன்களில் மூன்று நாளைக்கு உரிய நீரைத் தனியே கட்டி வைக்க வேண்டும். தொட்டி கசிந்தாலும், நீர் கெட்டுப்போனாலும், மானி பொய் சொன்னாலும், கரை திரும்பும் வரை உயிர் காப்பது அந்த நீரே. பத்துப் பேருக்கு மூன்று நாள் என்றால் 150 லிட்டர். அதாவது எட்டுக் கேன்கள். அவை இருக்கின்றனவா என்று அறிய எந்த மானியும் வேண்டா. எண்ணிப் பார்த்தாலே போதும்.

சொல்லும் பொருளும்

உணர்பகுதி – நீரளவைக் குறிப்பாக மாற்றும் தொட்டிப் பகுதி
காட்டும்பகுதி – குறிப்பை முள்ளால் வெளிப்படுத்தும் பகுதி
தரையிணைப்பு – மின்சுற்றை மின்கலத்தின் எதிர்முனையோடு சேர்க்கும் இணைப்பு
களிம்பு – செம்பில் படரும் பச்சைநிறப் படிவு
தரக்கோடு இடுதல் – அறிந்த அளவைக் கொண்டு கருவியைச் சரிபார்த்துக் குறித்தல்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள நீர்த்தொட்டியின் அளவைப் பெரியவர் ஒருவர் துணையுடன் இரு வேறு முறைகளில் அறிந்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று எழுதுக.

2. 10 ஓம் முதல் 180 ஓம் வரை சீராக மாறும் மானியில், தொட்டி கால் பங்கு நிறைந்திருக்கும்போது களிம்பால் 17 ஓம் கூடினால் முள் எவ்வளவு காட்டும்? 1000 லிட்டர் தொட்டியில் எத்தனை லிட்டர் பிழை நேரும்?

3. ‘பழுதானால் எந்தப் பக்கம் பொய் சொல்லும்?’ என்னும் வினாவை அன்றாட வாழ்வில் பயன்படும் வேறொரு கருவிக்குப் பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.